பனி பெய்யாத ஊர்ல ஒரு பனிமனிதன்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. மூணு வயசுப் பிள்ளை வீட்டுல இருந்தா கீபோர்டு நம்ம கையில இருக்காது, அனுபவிச்சவங்களுக்குத் தெரியும் :-)

போன டிசம்பர்ல பாப்பாவோட நர்சரியில இருந்து வாட்ஸ்அப்புல ஒரு தகவல். "விண்டர் கிராஃப்ட் செய்து அனுப்பவும்." கூடவே ஒரு படம். பஞ்சு ஒட்டின பனிமனிதன், கேரட் மூக்கு, கழுத்துல மஃப்ளர். நான் இருக்குறது திருவட்டாறு. ஆதிகேசவப் பெருமாள் கோயிலைச் சுத்தி ஆறு ஓடுது, அதைத் தாண்டினா கண்ணுக்கெட்டுற வரைக்கும் ரப்பர். டிசம்பர் ராத்திரியில கூட ஃபேனை நிறுத்த முடியாது. பனின்னா இங்க விடியக்காலையில புல்லு மேல இருக்குற ஈரம்தான்.

அம்மை கிட்ட சொன்னேன், "பாப்பா பனிமனிதன் செய்யணுமாம்." அம்மை சொன்னது: "பனியா? பிள்ளைய வெளிய கொண்டு போகாத மக்கா, சளி பிடிச்சிரும். தலையில துணி போடு, கேட்டியா?"

சிரிச்சுட்டு, உடனே உட்கார்ந்து ஒரு கோவப் பதிவு எழுதத் தொடங்கினேன். நம்ம மண்ணு, நம்ம ஓலை, அந்நிய மோகம்னு வழக்கமான சரக்குதான். நாலு பத்தி எழுதின பிறகு, சும்மா எழுதக் கூடாதே, கொஞ்சம் படிச்சுட்டு எழுதுவோம்னு தோணிச்சு. அங்கதான் மாட்டிக்கிட்டேன்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கைவேலை குடுக்கணும்னு யாரு ஆரம்பிச்சாங்க? பள்ளிக்கூட முறையா அதை நிலைநிறுத்தினவர்னு ஜெர்மனியில பிறந்த ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெலைச் சொல்லலாம். 1837ல ப்ளாங்கன்பர்க் என்ற சின்ன ஊர்ல பள்ளி தொடங்கினார். 1840ல அதுக்கு 'கிண்டர்கார்டன்', அதாவது குழந்தைகளின் தோட்டம்னு பேரு வச்சார். கைக்குழந்தைக்கு முதல்ல நூல் பந்து. வளர்ந்த பிறகு காகிதம் மடிக்கிறது, ஊசியால குத்திப் படம் போடுறது, பட்டாணியையும் குச்சியையும் சேர்த்து உருவம் கட்டுறது, கலர் காகிதப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமா முடையறது. பிள்ளை கையால செய்யும்போதுதான் உலகத்தோட ஒழுங்கு அதுக்குப் புரியும்னு நம்பினார். 1851ல பிரஷ்ய அரசாங்கம் இந்தப் பள்ளிகளையே தடை பண்ணிச்சு. நாத்திகமும் சோசலிசமும் பரப்புறாங்களாம்! அடுத்த வருஷம் ஃப்ரோபெல் செத்துப் போனார். தடை நீங்கினது 1860ல. காகிதம் முடையற மூணு வயசுப் பிள்ளையைப் பாத்து ஒரு அரசாங்கம் பயந்திருக்கு பாருங்க.

அந்தக் காகித முடைவுப் படத்தைப் பாத்ததும் அம்மை சொன்னா, "இது நம்ம ஓலைப்பாய் இல்லியா?" அதேதான். மேல ஒண்ணு கீழ ஒண்ணு. நம்ம ஊர்ல பாயும் கடவமும் முடையற வீட்டுல, பக்கத்துல உட்கார்ந்திருக்குற பிள்ளை கையிலயும் நாலு துண்டு ஓலை இருக்கும். பாடத்திட்டம்னு யாரும் பேரு வைக்கல, அவ்வளவுதான்.

கிறிஸ்மஸ் ஸ்டார் கதையும் இப்படித்தான். டிசம்பர் பொறந்தா நம்ம மாவட்டத்துல எந்தத் தெருவுல போனாலும் ஸ்டார் தொங்கும். ஜெர்மனியில ஹெர்ன்ஹூட் நட்சத்திரம்னு ஒண்ணு இருக்கு, பல முனை உள்ள காகித நட்சத்திரம். 19ஆம் நூற்றாண்டோட முற்பகுதியில நீஸ்கியில மொரேவியன் சபையோட உண்டுறைப் பள்ளியில, ஜியோமெட்ரி பாடத்துக்காகப் பையன்கள் செஞ்சதுல இருந்து அது வந்துச்சுன்னு சொல்றாங்க. பின்னாடி பீட்டர் வெர்பேக்ங்கிறவர் அதை விற்பனைக்குன்னே செய்யத் தொடங்கினார். ஆக அந்த ஸ்டாரும் முதல்ல ஒரு ஸ்கூல் கிராஃப்ட்தான்.

அவ்வளவு தூரம் ஏன்? 1939ல மரியா மாண்டிசோரி அம்மையாரே சென்னை அடையாறுக்கு வந்தாங்க. வயசு 69. போர் தொடங்கி, இத்தாலிக்காரங்கன்னு ஊர் திரும்ப முடியாம, கொடைக்கானல்லயும் சில வருஷம் தங்கினாங்க. அங்க சுத்தி இருந்த செடி கொடியும் பூச்சியும்தான் பிள்ளைகளுக்குப் பாடப் பொருள். சுத்தி இருக்குறதை வச்சுச் சொல்லிக் குடுங்கன்னு சொல்றதுக்கு வெளியூர்க்காரங்க வர வேண்டியிருக்கு. இப்படி எழுதி ஒரு குத்து குத்திட்டு, ஜன்னல் வழியா வெளிய பாத்தேன்.

ரப்பர். எங்க விளையில இப்ப இருக்குறது பூராவும் ரப்பர்தான்.

இந்த மரம் எங்க பிறந்தது? பிரேசில்ல. 1876ல ஹென்றி விக்கம் அமேசான் காட்டுல இருந்து சுமார் 70,000 விதையைக் கப்பல்ல ஏத்தி லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். முளைச்சது ஏறக்குறைய 2,700தான். அதுல பெரும்பகுதி இலங்கைக்கு வந்து, ஹெனரத்கொட தோட்டத்துல நடப்பட்டுச்சு. திருவிதாங்கூர்ல வணிகத் தோட்டம் 1902ல பெரியாற்றங்கரையில தொடங்கிச்சு. அப்புறம் மெல்ல மெல்ல எங்க பக்கத்து மலையடிவாரம் பூராவும் ரப்பர் ஆயிருச்சு. எங்க அப்பா காலத்துல விளையில பிலா, மா, கமுகு, பனை எல்லாம் நின்னுச்சு. ஒவ்வொண்ணா வெட்டிட்டு ரப்பர் வச்சாங்க. அந்தப் பால்வெட்டுக் காசுலதான் நான் காலேஜ் படிச்சேன். இதை நான் எந்த வாயால திட்ட?

இன்னொரு வேடிக்கை. டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் ரப்பர் மரம் இலை பழுத்து, மொத்தமா கொட்டிட்டு, மொட்டையா நிக்கும். வெயில்ல நடந்தா சருகு கால்ல சரசரன்னு நொறுங்கும். தோட்டத் துரைமார் இதுக்கு வச்ச பேரு 'விண்டரிங்'. ஆமா சாமி, திருவட்டாறுலயும் விண்டர் இருக்கு! நர்சரி டீச்சர் கேட்டது சரிதான், நான்தான் ஜன்னலைத் திறந்து பாக்கல :-)

கோவப் பதிவை அழிச்சுட்டு அம்மை பக்கத்துல போய் உட்கார்ந்தேன்.

"அம்மா, பிலாவிலை கோட்டித் தாயேன், பாப்பாக்கு."

முந்தியெல்லாம் கஞ்சி குடிக்க கரண்டி கிடையாது. பழுத்து விழுந்த பிலாவிலையைக் கூம்பு மாதிரி மடிச்சு, ஈர்க்கில் துண்டால ஒரு குத்து. அதுதான் கரண்டி. அம்மை ஆயிரக்கணக்குல கோட்டியிருப்பா. அன்னைக்கு இலையைக் கையில வாங்கினா, மடிச்சா, விரல் வளையல. மூட்டு வாதம். ஈர்க்கில் கீழ விழுந்துச்சு. "எனக்கு ஒக்காது மக்கா. நீ செய்யி, நான் சொல்லுதேன்"ன்னா.

எனக்குச் செய்யத் தெரியாது. நாப்பது வருஷம் அந்தக் கரண்டியிலதான் குடிச்சு வளர்ந்திருக்கேன்னு பீத்திக்கலாம், ஆனா ஒரு தடவை கூட நான் கோட்டினதில்ல. கேட்டா கையில குடுக்க அம்மை இருந்தா, அவ்வளவுதான். மூணு இலை கிழிஞ்சு, நாலாவது நின்னுச்சு. அம்மை ஒண்ணும் சொல்லல, தலையை மட்டும் ஆட்டினா. பாப்பா அதுல தண்ணி மொண்டு மொண்டு தரையெல்லாம் ஊத்தினா.

சரி, வரலாறு போதும். உங்க வீட்டுக் குட்டிகளுக்காக நாங்க செஞ்சது:

1. பிலாவிலைக் கிரீடம். விளையில மிச்சம் நிக்குற ஒரே பிலா மரத்துக்கு நன்றி. இலைகளை ஒண்ணு மேல ஒண்ணு பாதி ஏறுற மாதிரி வரிசையா வச்சு ஈர்க்கிலால தச்சுக்கிட்டே போகணும். ஓட்டையை நாம போட்டுக் குடுத்தா, ஈர்க்கிலை நுழைக்கிறதைப் பிள்ளை செய்யும். கூர் முனையை வெட்டிடுங்க.

2. ஈர்க்கில் ஸ்டார். அஞ்சு ஈர்க்கிலை நூலால கட்டுறது நம்ம வேலை, கலர் கடலாசைக் கிழிச்சு ஒட்டுறது அவங்க வேலை. கத்தரிக்கோல் வேண்டாம், கிழிக்கிறதுதான் அந்த வயசுக்குச் சந்தோஷம். பசைக்கு மரச்சீனி மாவைத் தண்ணியில கரைச்சு காய்ச்சினா போதும், வாயில வச்சாலும் பயமில்ல. (மரச்சீனியும் தென்னமெரிக்கச் சரக்குதான்! திருவிதாங்கூர்ல அதைப் பரப்பினது 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா.)

3. ரப்பர் இலை நரம்பு. இது எங்க ஊர் விண்டர் ஸ்பெஷல். இலையை வாளித் தண்ணியில மூணு நாலு வாரம் ஊறப் போடுங்க. கொசு முட்டை போடாம இறுக்கி மூடணும், தண்ணியை அப்பப்ப மாத்தணும். நாத்தம் வரும், அதை அலசுறது பெரியவங்க வேலை. கழுவினதைத் தட்டுல வச்சு பழைய டூத் பிரஷ் குடுத்தா, பிள்ளை மெல்லத் தட்டத் தட்ட சதை போயி, கொசுவலை மாதிரி நரம்பு மட்டும் நிக்கும்.

ஒரு எச்சரிக்கை. ரப்பர் விதை பாக்க அழகா, புள்ளி போட்டு இருக்கும். ஆனா பச்சை விதையில சயனைடு உண்டாக்குற விஷப் பொருள் இருக்கு, தொண்டையிலயும் அடைக்கும். குட்டிகள் கையில குடுக்காதீங்க.

பனிமனிதன் என்னாச்சுன்னு கேப்பீங்க. அதையும் செஞ்சோம். பாப்பாவுக்கு அவனைப் பிடிச்சுப் போச்சு, நான் யாரு வேண்டாம்னு சொல்ல? பஞ்சு, மரச்சீனிப் பசை, மஃப்ளருக்கு அம்மையோட பழைய சேலைத் துண்டு. தலையில பிலாவிலைக் கிரீடம். அப்படியே நர்சரிக்குப் போனான்.

அம்மை அவனைப் பாத்துட்டுக் கேட்டா, "இவன் கஞ்சி குடிப்பானா?"

நான் ஒரு இலை எடுத்துக் கோட்டி அவன் கையில வச்சேன். முதல் தடவையிலயே நின்னுச்சு.

டிஸ்கி: ரப்பர் இலை நரம்பு பொங்கல் கழிஞ்சுதான் ரெடியாச்சு. ஊறப் போட்ட ஒன்பதுல நாலு தேறிச்சு. உங்க ஊர்ல பிள்ளைகளுக்கு என்ன இலையில என்ன செய்வீங்கன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. அம்மைக்கு வாசிச்சுக் காட்டணும்.