செய்தியின் வேகத்தை அளந்த வரலாறு

ஒரு வண்டி மணிக்கு 40 மைல் செல்லும் என்றால் அதன் பொருள் நமக்கு உடனே விளங்குகிறது. மைல் இன்னது, மணி இன்னது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், ஒரு கம்பியின் வழியே செய்தி எவ்வளவு விரைவாகச் செல்கிறது என்று கேட்டால் விடை அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. மின்சாரத்தின் வேகத்தை நான் கேட்கவில்லை. ஒரு விநாடியில் எவ்வளவு செய்தி மறுமுனையை அடைகிறது என்பதே கேள்வி. செய்தியை அளக்க ஓர் அளவு வேண்டுமல்லவா? ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலத்தில் அதற்கு நான்கு அளவுகள் தோன்றின: சொல், பாட், பிட், பைட். ஒன்று வந்தவுடன் முன்னது மறைந்துவிடவில்லை. ஆகவேதான் ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கணக்கு நமக்குத் தேவையாயிற்று.

முதல் அளவு சொல். தந்திக்குச் சொற்கணக்கில் கட்டணம் வாங்கினார்கள். வேகத்தையும் நிமிடத்திற்கு இத்தனை சொல் என்றே கணக்கிட்டார்கள். 1858 ஆகஸ்டில் அட்லாண்டிக் பெருங்கடலின் அடியில் போடப்பட்ட கம்பி வழியாக, விக்டோரியா அரசியார் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் புக்கானனுக்கு வாழ்த்துச் செய்தி அனுப்பினார். அதில் இருந்தவை 98 சொற்கள். அவை கடலைக் கடக்க ஏறத்தாழ 16 மணி நேரம் ஆயிற்று. அதாவது மணிக்கு 6 சொல்!

இதற்குக் காரணம் என்ன? நீண்ட கடலடிக் கம்பியில் ஒரு முனையில் கொடுத்த மின் துடிப்பு மறுமுனையில் தெளிவாக வெளிப்படுவதில்லை. பரந்து மங்கி, அடுத்த துடிப்போடு கலந்துவிடுகிறது. கம்பியின் நீளம் இரு மடங்கானால் இத்தாமதம் நான்கு மடங்காகும் என்பதை வில்லியம் தாம்சன் முன்னரே கணித்துச் சொல்லியிருந்தார். கம்பெனியின் மின்பொறியாளராகிய ஒயிட்ஹவுஸ் அதனை ஏற்கவில்லை. மிகுந்த மின்னழுத்தம் கொடுத்தால் செய்தி விரைந்து செல்லும் என்று நம்பி, அவர் சுமார் 2,000 வோல்ட் வரை செலுத்தினார். சில வாரங்களுக்குள் கம்பி பாழாயிற்று. பெரும்பொருளும் கடலில் கரைந்தது.

இந்தத் தோல்வியின் பின் அறிஞர் ஓர் உண்மையை உணர்ந்தனர். மின்தடை முதலியவற்றுக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவுகள் இல்லாவிடில் ஒருவர் சோதனையை மற்றவர் சோதனையோடு ஒப்பிட இயலாது. 1861-இல் பிரிட்டிஷ் அறிவியல் சங்கம் மின் அளவுகளை வரையறுக்க ஒரு குழுவை அமைத்தது. 1866-இல் போடப்பட்ட புதிய கம்பியோ நிமிடத்திற்கு சுமார் 8 சொற்களைக் கடத்தியது. பழைய கம்பியை நோக்க இஃது 80 மடங்கு வேகம்.

எனினும், சொல் என்பது உறுதியான அளவன்று. ஒரு சொல் நெடியது. ஒரு சொல் குறியது. மார்ஸ் முறையிலோ எழுத்துகளே நீளத்தில் வேறுபடும். ஆங்கிலத்தின் 'ஈ' என்ற எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி போதும். வேறு சில எழுத்துகளுக்கு நான்கு குறிகள் வேண்டும். ஆகவே, 'பாரிஸ்' என்ற சொல்லை மாதிரியாகக் கொண்டார்கள். ஆங்கில எழுத்தில் அதனை அனுப்பி, அதன்பின் விடும் இடைவெளியையும் சேர்த்தால், சரியாக 50 புள்ளிகளின் நேரம் பிடிக்கும்.

பிரெஞ்சுத் தந்தித் துறையில் பணிபுரிந்த எமில் போதோ என்பவர் 1874-இல் வேறொரு வழி கண்டார். ஒவ்வோர் எழுத்துக்கும் சரியாக ஐந்து குறிகள். ஒவ்வொரு குறியும் மின்சாரத்தின் இரு நிலைகளுள் ஒன்று. இரண்டை ஐந்து முறை பெருக்கினால் 32 அல்லவா? எழுத்துகளுக்கு அது போதும். எல்லா எழுத்தும் ஒரே நீளம் ஆனமையால், விநாடிக்கு எத்தனை குறிகள் செல்கின்றன என்றே வேகத்தைச் சொல்ல முடிந்தது. அந்த அளவுக்குப் பிற்காலத்தில் அவர் பெயரால் 'பாட்' என்று பெயரிட்டனர்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொலையச்சுப் பொறி 50 பாட் வேகத்தில் இயங்குவது வழக்கமாக இருந்தது. ஓர் எழுத்துக்குத் தொடக்கக் குறி 1, செய்திக் குறி 5, நிறுத்தக் குறி ஒன்றரை, ஆக ஏழரை. 50-ஐ ஏழரையால் வகுத்தால் விநாடிக்கு 6⅔ எழுத்து. நிமிடத்திற்கு 400 எழுத்து. இடைவெளி உட்பட ஒரு சொல்லுக்கு 6 எழுத்து என்று கொண்டால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 66 சொல். பாட் சொல்லாக மாறிவிட்டது.

ஆனால் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏழரைக் குறிகளில் செய்தியைச் சுமப்பவை ஐந்துதான், மற்றவை காவலாட்கள். கம்பி 50 குறி ஓடினாலும், செய்தி 33⅓ அளவே செல்கிறது. ஆகவே கம்பியின் ஓட்டம் வேறு, செய்தியின் அளவு வேறு. இந்த வேறுபாட்டை 1924-இல் நைக்விஸ்ட்டும் 1928-இல் ஹார்ட்லியும் ஆராய்ந்தனர். 1948-இல் கிளாட் ஷானன் அதனை முழுமையான கணிதக் கொள்கையாக நிறுவினார். 'ஆம்' அல்லது 'இல்லை' என்னும், சமவாய்ப்புடைய இரண்டு விடைகளுள் ஒன்றைத் தெரிவிக்கும் செய்தியே ஒரு பிட். அப்பெயரைத் தந்தவர் ஜான் டூக்கி என்று ஷானனே குறிப்பிட்டிருக்கிறார்.

ஒரு குறி இரு நிலைகளுள் ஒன்றைக் காட்டினால் அது சுமப்பது ஒரு பிட். நான்கு நிலைகளுள் ஒன்றைக் காட்டினால் இரண்டு பிட். பதினாறு நிலைகளுள் ஒன்றைக் காட்டினால் நான்கு பிட். 1962-இல் வந்த பெல் நிறுவனத்தின் மோடத்தில் 300 பாட் என்பதும் விநாடிக்கு 300 பிட் என்பதும் ஒன்றாகவே இருந்தன. 1984-இல் வகுக்கப்பட்ட ஒரு பன்னாட்டுத் தரத்திலோ 600 பாட் கம்பியில் 2,400 பிட் சென்றன. பலர் அதனையும் '2,400 பாட்' என்றே அழைத்து வந்தனர், அது பிழையாகும்.

நான்காவது அளவு பைட். 1956-இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த வெர்னர் புக்ஹோல்ஸ் அச்சொல்லைப் படைத்தார். ஒரு பைட்டுக்கு எத்தனை பிட் என்பது தொடக்கத்தில் பொறிக்குப் பொறி மாறியது. மரக்காலுக்கு எத்தனை படி என்பது நம் நாட்டில் ஊருக்கு ஊர் மாறவில்லையா? அது போலத்தான். 1964-இல் அந்நிறுவனம் அறிவித்த கணிப்பொறி வரிசையில் எட்டுப் பிட் ஒரு பைட் ஆயிற்று. நாளடைவில் அதுவே நிலைத்தது.

ஆனால் ஒரு வழக்கு வேறுபாடு எஞ்சியது. சேமிப்பவர் பைட்டால் அளக்கிறார். அனுப்புபவர் பிட்டால் அளக்கிறார். விநாடிக்கு 100 மெகாபிட் இணைப்பு என்றால், விநாடிக்கு அதிகம் போனால் 12.5 மெகாபைட்தான் வரும். 700 மெகாபைட் கோப்பு ஏழு விநாடியில் வந்துவிடும் என்று எண்ணுபவர் 56 விநாடி காத்திருக்க நேரும். ஆங்கிலக் குறியீட்டில் சிறிய 'பி' பிட்டையும் பெரிய 'பி' பைட்டையும் குறிக்கின்றன. ஓர் எழுத்தின் வடிவம் எட்டு மடங்கு வேறுபாட்டை உண்டாக்கிவிடுகிறது! இன்னொன்றும் உண்டு. கம்பி வேகத்தில் கிலோ என்றால் 1,000. கணிப்பொறி நினைவகத்திலோ 1,024 என்று கொள்வது வழக்கமாயிற்று. இக்குழப்பம் தீர 1998-இல் 1,024-க்குக் 'கிபி' என்னும் தனிப்பெயரைப் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் வகுத்தது.

இனி அரசியாரின் செய்தியை இன்றைய அளவில் மாற்றுவோம். 98 சொல்லுக்கு 588 எழுத்து. எழுத்துக்கு ஐந்து பிட் வீதம் 2,940 பிட். 16 மணி என்பது 57,600 விநாடி. எனவே ஒரு பிட் கடக்க ஏறக்குறைய 20 விநாடி ஆகியிருக்கிறது. 100 மெகாபிட் இணைப்பில் அந்த முழுச் செய்தியையும் அனுப்ப, ஒரு விநாடியை 34,000 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நேரமே போதும்.

இந்த ஒப்பீட்டை நாம் செய்ய முடிந்தது அளவுகளை ஒன்றாக்கியதால்தான். வேகம் என்று யாரேனும் ஓர் எண்ணைச் சொன்னால் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: எண்ணப்படுவது எது? அது ஒவ்வொன்றும் எத்தனை பிட்? அவற்றுள் செய்திக்குரியவை எத்தனை? இம்மூன்றுக்கும் விடை பெற்ற பின்னரே அந்த எண்ணை நம்புங்கள்.