கபாலத்தைத் தொலைத்த சாமியார்

காலையில் கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் போகும் ரயிலில் எங்கள் பெட்டிக்கென்று ஒரு சாமியார் உண்டு. காவி கிடையாது, தாடி கிடையாது. கட்டம் போட்ட சட்டை, முதுகில் லேப்டாப் பை. மீஞ்சூரில் ஏறுவார். நந்தியம்பாக்கம் வருவதற்குள் அருளுரை ஆரம்பித்துவிடும்.

"உள்ள சீட்டு காலியா இருக்கு, ஆனா எல்லாரும் வாசல்லயே நிக்கிறான். ஏன்? மோட்சம் வாசல்லதான் இருக்கு பக்தர்களே. உள்ள உக்காந்தவன் வெறும் பயணி."

இன்னொரு நாள் ஓடிபி பற்றி: "காத்திருக்கிறவனுக்கு வராது. வெறுத்துப்போய் விட்டவனுக்கு மூணா வரும்." நாங்கள் கைகூப்புவோம். காணிக்கை, ஆளுக்கொரு கடலை மிட்டாய்.

போன மாதம் அவர் ஆபீஸ் அடையாள அட்டையை வீட்டிலேயே மறந்துவிட்டார். ஆறு வருஷமாகத் தினமும் வணக்கம் சொல்கிற செக்யூரிட்டி அண்ணன் அன்றைக்கு உள்ளே விடவில்லை. "உங்களத் தெரியும் சார். ஆனா கார்டு இருந்தாத்தான் நீங்க ஸ்டாஃப்." கடைசியில் ஒரு துண்டுக் காகிதத்தில் தற்காலிக பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் சாமியார் சொன்னார்: "நேத்து அரை நாள் நான் யாருமே இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் இதை எங்கேயோ படித்த ஞாபகம். வீட்டுக்கு வந்து தேடினேன். கிட்டத்தட்ட 1400 வருஷத்துப் பழைய ஜோக்.

எழுதியவன் ஒரு ராஜா. ஏறத்தாழ கி.பி. 600 முதல் 630 வரை காஞ்சியை ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவன். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து கோயில் எடுத்து, அதைக் கல்வெட்டிலும் பெருமையாக வெட்டிவைத்த அதே ஆள். பட்டப்பெயர்களில் கஞ்சத்தனமே கிடையாது: விசித்திரசித்தன், குணபரன், சித்திரகாரப்புலி, மத்தவிலாசன். இந்தக் கடைசிப் பெயரைத்தான் தன் நாடகத்துக்கும் வைத்தான். 'மத்தவிலாசப் பிரகசனம்', சமஸ்கிருதமும் பிராகிருதமும் கலந்த ஓரங்க நகைச்சுவை நாடகம். கேரளத்துக் கூத்து மரபில் இது மேடையில் உயிரோடு இருந்தது. 1917இல் திருவனந்தபுரத்தில் த. கணபதி சாஸ்திரி இதை அச்சில் கொண்டுவந்தார்.

நாயகன் சத்தியசோமன் ஒரு காபாலிகன். மண்டையோட்டில் பிச்சை வாங்கி, அதிலேயே உண்டு குடிக்கும் சைவப் பிரிவைச் சேர்ந்தவன். துணைவி தேவசோமை. ஜாகை, காஞ்சி ஏகம்பம். இங்கே எனக்குக் கொஞ்சம் ஊர்ப்பாசம். ஏகாம்பரநாதரும் வரதராஜப் பெருமாளும் எங்கள் மீஞ்சூரிலும் இருப்பதால் இதற்கு வடகாஞ்சி என்றும் பேர். அந்தக் கணக்கில் சத்தியசோமன் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம்.

சத்தியசோமன் குடிகாரன்தான், முட்டாள் இல்லை. சாராயக் கடையைப் பார்த்ததும் இது யாகசாலையேதான் என்று நிரூபிக்க ஆரம்பித்துவிடுவான். கடையின் அடையாளக் கம்பம்தான் யூபம், கள்தான் சோமரசம், குடிகாரர்கள் புரோகிதர்கள், வறுத்த கறி அவிசு, போதை உளறல் வேத மந்திரம், கடைக்காரன் யாகம் நடத்தும் எஜமானன். சமணர்களிடமும் தர்க்கம் பேசுவான். காரணம் எப்படியோ காரியமும் அப்படித்தான் என்கிறீர்களே, பிறகு உடம்பை வருத்தினால் இன்பம் எப்படி வரும்? கேள்வி சரியாகத்தானே இருக்கிறது! கேட்டு முடித்ததும், அவர்கள் பேரைச் சொன்ன நாக்கைச் சுத்தம் செய்யக் கள் கேட்பான்.

பிச்சை வாங்கும் நேரத்தில்தான் தெரிகிறது, கபாலத்தைக் காணோம். அது போனால் தான் காபாலிகனே இல்லையே என்று பதறிப்போகிறான். அவசரத்துக்குப் பாவமில்லை, ஆபத்தர்மம் என்று ஒரு மாட்டுக்கொம்பில் கள்ளை வாங்கிக்கொள்கிறான். எங்கள் சாமியாரின் துண்டுக் காகிதத்துக்கு மூதாதை அந்த மாட்டுக்கொம்பு. கபாலத்துக்குள் வறுத்த கறி இருந்ததால் எடுத்தது நாயாக இருக்கும், இல்லாவிட்டால் பௌத்த பிக்குவாக இருக்கும் என்று துப்பும் துலக்குகிறான்.

வந்து மாட்டுபவர் நாகசேனர் என்ற பிக்கு. அவருக்கும் தனியாக ஒரு சிந்தனை ஓடுகிறது. நல்ல வீடு, மெத்தை, சாப்பாடு, பானம், வெற்றிலை என்று எல்லாவற்றையும் அனுமதித்த கருணைமிக்க புத்தர் பெண்ணையும் கள்ளையும் மட்டும் மறந்திருப்பாரா? இளைஞர்கள் மேல் பொறாமைகொண்ட கிழ பிக்குகள்தான் அந்தப் பகுதியை வெட்டியிருக்க வேண்டும். ஒரிஜினல் பிரதியைத் தேடிப்பிடிக்க வேண்டும்! புரொடக்‌ஷனில் எது உடைந்தாலும் "யாரோ டாக்குமென்டேஷன மாத்திட்டாங்க" என்று சொல்லிப் பிழைக்கும் எங்கள் தொழிலுக்கு அவரைக் குலதெய்வமாக்கலாம்.

போலி குரு என்றால் தமிழில் முதலில் ஞாபகம் வருவது வீரமாமுனிவரின் பரமார்த்த குருதான். 1822இல் லண்டனில் அச்சான கதை அது. ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்ப்பதும், பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்குவதும் எந்த வயதிலும் சிரிப்பு. ஆனால் அந்த குருவும் அஞ்சு சீடர்களும் வடிகட்டிய மடையர்கள். நாம் மேலே நின்று சிரிக்கிறோம், நமக்கு ஒரு சேதாரமும் இல்லை. சத்தியசோமனிடம் அப்படித் தப்பிக்க முடியாது. சாராயக் கடையை யாகசாலை என்று அவன் வரிசையாக அடுக்கும்போது எங்கே தப்பு என்று உடனே சொல்ல வராது. அதே மாதிரி அடுக்கித்தானே நாமும் நம் ஆசைகளுக்குத் தத்துவம் கட்டுகிறோம்?

இந்த இடத்தில்தான் எனக்குச் சிரிப்பு கொஞ்சம் நின்றது. காபாலிகர்கள் எழுதியதாக ஒரு நூல்கூட நம் கைக்கு வரவில்லை. அவர்களைப் பற்றி இன்று தெரிவதெல்லாம் பெரும்பாலும் அவர்களைக் கேலி செய்தவர்களும் எதிர்த்தவர்களும் எழுதியதுதான். சுடுகாட்டுச் சாம்பல் பூசிக்கொண்டு ஏகம்பத்துப் பக்கம் உண்மையிலேயே திரிந்த ஒருவன் இந்த நாடகத்தைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பான்? ஒரு பிரிவு காணாமல் போய்விட்டது, அதைப் பற்றிய ஜோக் மட்டும் மிச்சம். அந்த ஜோக்கை எழுதியவன் கையில் செங்கோல் இருந்தது.

ஆனாலும் மகேந்திரனை நான் முழுசாகக் கைவிட மாட்டேன். நாடகத்தில் பாசுபதன் ஒருவன் பஞ்சாயத்துக்கு வருகிறான். வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகச் சொல்கிறான். தேவசோமை மறுக்கிறாள். பல விகாரைகளின் வருமானத்தைச் சேர்த்து வைத்திருக்கும் பிக்கு அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவார், நம்மிடம் என்ன இருக்கிறது என்று கேட்கிறாள். அந்த நீதிமன்றம் யாருடையது? எழுதியவனுடையதேதான். தன் ஆட்சியில் லஞ்சம் நடக்கிறது என்று ஒரு பிச்சைக்காரியின் வாயால் ராஜாவே சொல்ல வைக்கிறான். அடுத்தவனைக் கிண்டல் செய்ய அவன் கொடுத்த விலை அது. கடைசியில் ஒரு பைத்தியக்காரன் கபாலத்தோடு வருகிறான். எடுத்தது நாய்தான். காபாலிகனும் பிக்குவும் சமாதானமாகப் பிரிகிறார்கள். யாரும் தண்டிக்கப்படவில்லை, யாரும் மதம் மாறவில்லை.

இந்தக் கதையை ரயிலில் சாமியாரிடம் சொன்னேன். மாட்டுக்கொம்பு வந்தபோது விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கேட்டார்: "அந்தக் காபாலிகங்க தரப்ப யாராவது எழுதி வெச்சாங்களா?"

"இல்ல சாமி. எதுவும் கிடைக்கல."

கொருக்குப்பேட்டையில் சிக்னலுக்காக வண்டி நின்றது. அவர் பையைத் துழாவி ஒரு பேனாவை எடுத்தார். பேப்பர் இல்லை. சட்டைப் பையிலிருந்து அந்தப் பழைய தற்காலிக பாஸை எடுத்துப் பின்பக்கம் திருப்பினார்.

"சொல்லு, வாசல்ல மோட்சம்னு அன்னிக்கு நான் எப்படி ஆரம்பிச்சேன்?"