பல் காத்த வரலாறு



செமினித் தோட்டத்தில் பால்மரம் சீவிய என் பாட்டியார் எழுதப் படிக்க அறியாதவர். சேலத்துச் சிற்றூரில் கேழ்வரகுக் களியுண்டு வளர்ந்தவர். இங்கு வந்தபின் அரிசிச் சோறு. அவ்விரு வாழ்க்கையையும் கூறும் ஏடு எதுவுமில்லை. ஆயினும் அவருடைய பல்லும் எலும்பும் அவற்றைத் தாங்கியிருக்கும்.

கரிமத்திற்கு நிலையான ஐசோடோப்புகள் இரண்டு: கரிமம்-12, கரிமம்-13. கேழ்வரகு, கம்பு, சோளம் ஆகியவற்றில் கரிமம்-13இன் விகிதம் நெல்லைவிடக் கூடுதல். அடர்காட்டின் நிழற்செடிகளில் மிகக் குறைவு. உண்பவர் உடலிலும் இவ்வேறுபாடு தங்கிவிடுகிறது. பல்லின் எனாமல் பிள்ளைப் பருவத்தில் உருவானபின் மாறுவதில்லை. எலும்போ மெல்ல மெல்லப் புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே பல் பிறந்த ஊரின் உணவையும், எலும்பு பிற்கால உணவையும் காட்டும்.

இம்முறை மிகப் பழங்காலத்திற்கும் செல்லும். வேளாண்மையின்றி மழைக்காட்டில் மனிதர் நிலைத்து வாழ இயலாது என அறிஞர் சிலர் கருதினர். இலங்கைக் குகைகளில் கிடைத்த பற்களைப் பாட்ரிக் ராபர்ட்ஸ் குழுவினர் ஆராய்ந்து, 2015இல் முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு மக்கள் காட்டுணவை நம்பி வாழ்ந்திருந்தனர்.

ஏடில்லாதோர்க்கு வரலாறில்லை என்று வகுப்பில் நானும் கூறியதுண்டு. அது பிழை, மாணவர்களே.