புத்தளத்து அளமும் சம்பளமும்

சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாகக் கொடுத்த காலத்தில்தான் ‘சம்பளம்’ பிறந்தது என்று மேடைதோறும் சொல்கிறார்கள். உப்பு விளையும் இலங்கைப் புத்தளத்தில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். எனக்கு மனம் ஒப்பவில்லை. அளம் என்பதற்கு முதற்பொருள் உப்பு விளையும் நிலம். புத்தளத்தை அடுத்த பாலாவிப் பக்கம் போனால் கண்ணாலேயே காணலாம்: பாத்தியில் விட்ட உவர்நீர் வெயிலில் வற்ற வற்ற, ஓரத்தில் முதலில் வெள்ளை பூக்கும், பிறகு தட்டாக உறையும், வாரினால் உப்பு. புது அளமே புத்தளம் ஆயிற்று என்று ஊரார் சொல்வது அந்த நிலத்தோடு பொருந்துகிறது. அளம் என்றாலே உப்பு வயல்தான் என்பது மங்கிப்போய்த்தான், முன்னால் இன்னோர் உப்பைச் சேர்த்து உப்பளம் என்கிறோம் போலும். சம்பளமோ வேறு குடும்பம். வடமொழியில் ‘சம்பலம்’ வழிநடைக்குக் கட்டிக்கொண்டுபோகும் உணவு. கட்டுச்சோறு வழிச்செலவாகி, வழிச்செலவு மாதக் கூலியாகியிருக்க வேண்டும். ரோமானியப் படைவீரருக்கு உப்பையே கூலியாக அளந்தார்கள் என்ற கதைக்கும் பழைய சான்று இல்லை. கூலியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லுக்குள் உப்பு இருப்பது மட்டும் உண்மை. தமிழ்ச் சொல் வேண்டுவோருக்கு ஊதியம் இருக்கிறது. குறளில் அது ஆதாயம், பேறு. உழைத்தவர் கையில் மிஞ்சுவது என்ற அந்த வாசனைக்காகவே எனக்கு அது பிடிக்கும். ஆனால் அளத்தில் நாள்முழுக்க உப்பு வாருபவர் கேட்பது சம்பளம். நம் நாட்டுத் தொழிற்சட்டமும் ‘சம்பளச் சபைகள்’ என்றே பேசுகிறது.