இரும்புச் சட்டி கூறும் வரலாறு

வரலாறு என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன அரண்மனைகளும் போர்க்களங்களும் கல்வெட்டுக்களுமேயாம். மாத்தளை மாவட்டத்தவராகிய நமக்கோ சீகிரியாக் குன்றும், தம்புள்ளைக் குகைகளும், நாலந்தா கெடிகேயும் அண்டையிலேயே இருத்தலால் அவ்வெண்ணம் இன்னும் ஆழமாக வேரூன்றியுள்ளது. எனினும் நம் அடுக்களையில், அடுப்புக்கு மேலுள்ள பரணிலே கரிபடிந்து கிடக்கும் இரும்புச் சட்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை எடுத்துரைப்பதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுகிறேன். சென்ற ஆண்டு எங்கள் வீட்டுப் பழைய ரொட்டிக்கல்லைப் பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுத்துவிடலாமென்று வாசல்வரை தூக்கிச் சென்றவன் நானே. அது கனத்த வார்ப்பிரும்புக் கல். ஓரத்திலே துருவும் ஏறியிருந்தது. என் அம்மாயி விரைந்து வந்து அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “இத நிறுத்துக் கொடுத்தா நாலு காசு கெடைக்கும் தம்பி. அந்தக் காசுல ஒரு நேரத்து ரொட்டி சுட முடியுமா?” என்றார். பல்கலைக்கழகத்திற் பயிலும் எனக்கு அக்கேள்விக்கு விடை கூறத் தெரியவில்லை. பின்னரே அக்கல்லைப் பற்றித் தேடிப் படிக்கலானேன்.

இரும்பு உருக்கிய நம் மாவட்டம்

இரும்பு பிறநாட்டாரால் நமக்குக் கிடைத்த பொருள் என்று எண்ணுவோர் பலர். உண்மை அஃதன்று. சீகிரியாக் குன்றின் அடிவாரத்திலுள்ள அலிகல என்னும் கற்குகையில் நடந்த அகழ்வாய்வு, ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு வாழ்ந்தோர் இரும்பை அறிந்திருந்தனர் என்பதைக் காட்டிற்று. அக்குன்றுக்கு அணித்தேயுள்ள அலகொலவெவ என்னும் இடத்தில் கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளிலேயே பெரிய அளவில் இரும்பு உருக்கப்பட்ட உலைகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. சீகிரியாவின் ஓவியங்களைக் காணச் செல்லும் நம்மவருள், அவ்வோவியங்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அதே காட்டில் உலைத்தீ எரிந்ததென்பதை அறிந்தோர் எத்தனை பேர்?

பலாங்கொடைக்கு அருகே சமனலவெவவிலும் இத்தகைய உலைகள் வெளிப்பட்டன. மலைச்சரிவில் மேற்கு நோக்கி அமைக்கப்பெற்ற அவ்வுலைகளுக்குத் துருத்தி தேவைப்படவில்லை. தென்மேற்குப் பருவக் காற்றே துருத்தியாயிற்று. கில் ஜூலெஃப் என்னும் ஆய்வாளர் அத்தகைய உலையொன்றை மீண்டும் கட்டி, காற்றின் வலிமையாலேயே இரும்பு உருக்கிக் காட்டி, 1996ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ என்னும் விஞ்ஞான இதழில் அதனை வெளியிட்டார்.

இக்கலையின் இறுதி நாட்களைப் பதிவு செய்தவர் நம்மவரான ஆனந்த குமாரசுவாமி ஆவார். இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பணிக்குத் தலைவராக 1903 முதல் 1906 வரை இருந்த அவர், பழைய முறையில் இரும்பும் உருக்கும் செய்யும் வகையை முதிய தொழிலாளரிடம் கண்டறிந்து, 1908இல் வெளியான தம் நூலில் விவரித்தார். மேல்நாட்டு மலிவான இரும்பு கப்பலில் வந்து குவியவே, நம் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

அடித்த இரும்பும் வார்த்த இரும்பும்

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். பழைய களிமண் உலைகளில் கரியும் தாதும் மாறிமாறி இடப்படும். அங்கு எழும் வெப்பத்தில் இரும்பு நீராக ஓடுவதில்லை. கசடே உருகி ஓடும். எஞ்சிய கடற்பஞ்சு போன்ற கட்டியைக் கொல்லன் சம்மட்டியால் அடித்தடித்துப் பதப்படுத்துவான். கத்தியும் மண்வெட்டியும் கொல்லுப்பட்டறைச் சட்டியும் இவ்வாறு அடித்துச் செய்யப்பட்டவை.

வார்ப்பிரும்போ நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்குவரை கரி கலந்தது. தூய இரும்பு உருக 1538 பாகை வெப்பம் வேண்டும். கரி சேர்ந்த வார்ப்பிரும்புக்குச் சுமார் 1150 முதல் 1200 பாகை போதும். ஆதலால் அதனை நீர்போல் உருக்கி அச்சில் வார்க்கலாம். சீனர் இக்கலையைக் கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டளவிலேயே கற்றிருந்தனர். நான் கற்ற மிஷன் பாடசாலையின் நூல்நிலையத்துப் பழைய நூலொன்றில், ஆபிரகாம் டார்பி என்னும் ஆங்கிலேயர் 1707இல் மணலச்சில் இரும்புப் பானை வார்க்கும் முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்ற செய்தியை வாசித்திருக்கிறேன். கைத்தொழிற் புரட்சியின் தொடக்கத்தில் ஏழைகளின் சமையற் பானை நின்றது என்பது சிந்திக்கத்தக்கது.

தமிழகத்திலும் இம்முயற்சி நடைபெற்றது. ஜோசாயா மார்ஷல் ஹீத் என்பவர் 1830ஆம் ஆண்டளவில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவி, சேலத்துத் தாதைக் கொண்டு வார்ப்பிரும்பு செய்தார். அந்நூற்றாண்டு முடியுமுன்னரே அம்முயற்சி ஓய்ந்துவிட்டது. எனினும் வார்ப்புத் தொழில் பின்னாளிற் கோயம்புத்தூர் முதலிய இடங்களில் ஓங்கி வளர்ந்தது.

மாத்தளைக்கு வந்தவர்கள்

பரங்கிப்பேட்டையில் உலை எரிந்த அதே காலத்திலேதான் சேலம், திருச்சி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளிலிருந்து நம் முன்னோர் கடல் கடந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாக வடக்கே இருந்து வந்த அவர்களுக்கு மலைநாட்டின் வாயிலாக அமைந்தது மாத்தளையே. நோயாலும் பசியாலும் அவ்வழியில் மாண்டோர் பலர். கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகைவண்டிப் பாதை திறக்கப்பட்டது 1880ஆம் ஆண்டிலேயாம். அந்நடைப்பயணத்தை நினைவுகூர்ந்து, 2023ஆம் ஆண்டு யூலை 28ஆம் நாள் தலைமன்னாரிற் புறப்பட்ட நடைபவனி ஆகத்து 12ஆம் நாள் மாத்தளையை அடைந்ததை நம்மில் பலர் கண்ணாரக் கண்டோம்.

கோப்பிக்காக வந்த அவர்களது வாழ்வை மாற்றியதும் ஒருவகைத் துருவேயாகும். 1869இல் இலங்கையில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைத்துரு நோய், சில ஆண்டுகளிற் கோப்பித் தோட்டங்களைப் பாழாக்கிற்று. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. துரைமாரின் கணக்கேடுகள் ஆட்களின் தொகையையும் கொழுந்தின் நிறையையும் எழுதின. லயத்து அடுப்பில் என்ன வெந்தது என்பதை அவை எழுதவில்லை. அதை எழுதி வைத்திருப்பது நம் சட்டிகளே.

ரொட்டிக்கல் வந்த கதை

நம் முன்னோர் சோறுண்டு வாழ்ந்தவர்கள். தோட்டத்திற் கொடுக்கப்பட்ட அரிசிக்கும் சம்பளத்திற் கழிவு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். பர்மா அரிசி நின்றது. இலங்கையிற் பங்கீடு வந்தது. அரிசியின் இடத்தைக் கோதுமை மா நிரப்பத் தொடங்கிற்று. விடியற்காலையிற் பிரட்டுக்களத்துக்கு ஓட வேண்டிய தாய்க்கு, உலை வைத்து வடிக்க நேரம் ஏது? மாவைப் பிசைந்து, கையால் தட்டி, சூடேறிய கல்லிலே போட்டெடுத்தால் காலைக்கும் மதியத்துக்கும் உணவாயிற்று. இவ்வாறு பஞ்சத்தின் பிள்ளையாக நம் வீட்டுக்குள் நுழைந்த ரொட்டி, பின்பு நமது அடையாளமாகவே மாறிவிட்டது.

1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது அக்கல்லுங்கூட வெறுமையாயிருந்தது. தோட்டங்களிற் பசியால் உயிர்கள் மாய்ந்த காலம் அது. அக்காலத்தைப் பற்றி அம்மாயி அதிகம் பேசுவதில்லை. “கல்லு காயும், மாவு இருக்காது” என்று மட்டும் கூறுவார். எத்தனையோ பக்கங்களில் எழுதவேண்டியதை அவர் நான்கு சொற்களிற் சொல்லிவிட்டார் என்றே நான் கருதுகிறேன். 2022இல் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் கிடையாமற் போனபோது, விறகடுப்புத் தீயைத் தாங்கமாட்டாத பூச்சுச் சட்டிகள் ஒதுங்கின. பரணிலிருந்த இரும்புச் சட்டிகள் மீண்டும் இறங்கி வந்தன.

சட்டியைப் பழக்கும் முறை

இரும்புச் சட்டியைப் புதிதாக வாங்கிய அன்றே சமைக்க இயலாது. அதைப் பழக்க வேண்டும். அம்மாயி எனக்குக் கற்பித்த முறை இது. முதலிற் புளித்த கழுநீரை ஊற்றி ஓரிரு நாள் வைத்து, தேங்காய்த் தும்பினாலே நன்கு தேய்த்துக் கழுவ வேண்டும். பின் அடுப்பில் வைத்து ஈரம் முற்றும் போகக் காயவிட்டு, பாதியாக வெட்டிய வெங்காயத்தில் நல்லெண்ணெய் தொட்டு மெல்லியதாகத் தடவ வேண்டும். எண்ணெய் தேங்கி நிற்றலாகாது, தேங்கினால் பிசுபிசுக்கும். புகை எழும்வரை காய்ச்சி, ஆறவிட்டு, மூன்று நான்கு முறை இவ்வாறே செய்தல் வேண்டும்.

இதில் விஞ்ஞானமும் உண்டு. மெல்லிய எண்ணெய் வெப்பத்திலும் காற்றிலும் வெந்து இறுகி, இரும்போடு ஒட்டிய கரும்படலமாகிறது. அப்படலமே ஒட்டாமற் காப்பதும் துருவைத் தடுப்பதும் ஆகும். தேங்காயெண்ணெயைவிட நல்லெண்ணெய் இவ்வகையில் எளிதாக இறுகும் இயல்புடையது. இரசாயனம் கல்லாத அம்மாயி நல்லெண்ணெயையே தேர்ந்தது அனுபவத்தின் பயன்.

சமைத்து முடிந்தபின் வெந்நீரிற் கழுவி, உடனே தணலிற் காட்டி உலர்த்தி, ஒரு துளி எண்ணெய் பூசி வைக்க வேண்டும். இரவெல்லாம் நீரில் ஊறவிடுதல் கூடாது. வார்ப்பிரும்பு கடினமானது, ஆனால் நொறுங்கும் தன்மையது. கொதிக்கும் கல்லிலே குளிர்நீரைக் கொட்டினாலோ, கற்றரையிற் போட்டாலோ வெடித்துவிடும். துரு ஏறிவிட்டதென்று எறியவும் வேண்டாம். சாம்பலும் தும்பும் கொண்டு துருவைத் தேய்த்தெடுத்து, மீண்டும் பழக்கினால் கல் பழையபடியாகும். நான் விற்கப்போன கல்லை இம்முறையிலே நானே தேய்த்துப் பழக்கினேன். இரண்டு நாட்கள் கை வலித்தது. மூன்றாம் நாள் ரொட்டி ஒட்டாமல் எழும்பிற்று.

உடலுக்கு உரம்

இரும்புப் பாத்திரத்திற் சமைக்கும்போது இரும்பின் சிறு பங்கு உணவிற் சேர்கிறது. எத்தியோப்பியாவில் ஓராண்டுக் காலம் நடந்த ஆய்வொன்றில், அலுமினியப் பாத்திரத்திற் சமைத்துண்ட குழந்தைகளைவிட இரும்புப் பாத்திரத்திற் சமைத்துண்ட குழந்தைகளின் இரத்தவளம் மேம்பட்டிருந்ததென 1999இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் வெளியிட்டது. மலையேறிக் கொழுந்து பறிக்கும் நம் தாய்மாருக்கு இரத்தச்சோகை அரிய நோயன்று. எனவே இது நமக்கு நெருங்கிய செய்தியாகும். உணவோடு சேர்த்து அருந்தும் தேநீர் உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பதைக் குறைக்கும். உலகுக்குத் தேயிலை அளிக்கும் நாம் ரொட்டியோடு சாயத்தண்ணி குடிக்கும் வழக்கத்தைச் சற்றே மாற்றி, ஒரு மணி நேரம் கழித்து அருந்துதல் நன்று.

இங்கு இரு எச்சரிக்கைகள் கூறல் வேண்டும். புளியோ தக்காளியோ சேர்ந்த கறியில் இரும்பு மிகுதியாகக் கரையும். ஆதலாற் சமைத்தவுடன் வேறு பாத்திரத்துக்கு மாற்றாவிடின் நிறம் கறுத்துச் சுவையும் கெடும். தலசீமியா போன்ற நோயுடையோர் உடலில் இரும்பு மிகுதல் தீங்காதலால் வைத்தியரைக் கேட்டே நடத்தல் வேண்டும். கடும் இரத்தச்சோகைக்குச் சட்டி மருந்தாகாது; மருத்துவமனையே வழி.

நம் கடமை

ஆயுத பூசை நாளிற் கவ்வாத்துக் கத்திக்கும் மண்வெட்டிக்கும் பொட்டிட்டு வணங்குகிறோம். உழைத்த கைகளுக்கு உணவளித்த ரொட்டிக்கல் மட்டும் அடுப்படி மூலையிலே மறக்கப்பட்டுக் கிடக்கிறது. இவ்வாண்டு எங்கள் வீட்டில் அதற்கும் ஒரு பொட்டு இட்டோம்.

இளைஞர்களே! சீகிரியாவின் உலைகளைத் தோண்டியெடுக்க ஆய்வாளர் வந்தனர். லயத்து அடுப்பின் வரலாற்றைத் தோண்டியெடுக்க நாமே செல்ல வேண்டும். உங்கள் இல்லத்து முதியோரிடம் சட்டியின் கதையைக் கேளுங்கள். ஓர் அப்பியாசக் கொப்பியில் அவர்கள் சொல்லியபடியே எழுதி வையுங்கள். பெரியோர்களே! பிள்ளைகள் கேட்கவில்லையென்று வாளாவிராது, நீங்களாகவே சொல்லுங்கள்.

கையாளாத இரும்பு துருவேறும். கேளாத வரலாறும் அவ்வாறே. என் அம்மாயி கேட்ட கேள்விக்கு இப்பொழுது விடை கூறுவேன்: முடியாது அம்மாயி, அக்காசில் ஒரு நேரத்து ரொட்டியும் சுட முடியாது.