காலெவா: படையெடுப்புக்கு முந்திய நகரம்

பிரிட்டனின் பழங்குடிக் குடியிருப்புகள் நகரங்களானதைப் படையெடுப்பின் விளைவாகவே வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலம் எழுதிவந்தனர். கி.பி. 43இல் கிளாடியஸ் பேரரசரின் படை வந்தது. நேர்த்தெருவும் மன்றமும் குளியற்கூடமும் அதன்பின் வந்தன என்பது அந்தக் கதை. டாசிட்டஸின் 'அக்ரிகோலா' இதற்கு வலுவூட்டியது. கோயிலும் மன்றமும் வீடுகளும் எழுப்புமாறு ஆளுநர் அக்ரிகோலா உள்ளூர் மக்களைத் தூண்டினார் என்கிறது அந்நூல். மாமனாரைப் புகழ மருமகன் எழுதியது அது என்பதை மறக்கலாகாது.

தென் இங்கிலாந்தின் சில்செஸ்டரில் புதைந்துள்ள காலெவா அட்ரெபேட்டம் இந்தக் கதைக்கு உடன்படவில்லை. அட்ரெபேட்டர் குடியின் தலைமையிடமான இவ்வூரில் கிறித்துவுக்கு முந்திய நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே திட்டமிட்ட தெருக்கள் இருந்தன. மைக்கேல் ஃபுல்ஃபோர்ட் தலைமையில் ரெடிங் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வு இதைத் தெளிவாக்கியது. படையெடுப்புக்கு முந்திய படிவுகளிலேயே மது, எண்ணெய்ச் சாடிகளின் ஓடுகளும், ஒலிவ விதையும், கொத்தமல்லியும் கிடைத்துள்ளன. கொம்மியஸின் மகன் எனத் தன்னை அழைத்துக்கொண்ட எப்பில்லஸ், லத்தீனில் 'ரெக்ஸ்' என்ற அரசப் பட்டத்தோடு இவ்வூர்ப் பெயரையும் நாணயத்தில் பொறித்தான். கொம்மியஸ், இன்றைய பிரான்ஸ் பகுதியான காலியாவில் வாழ்ந்த அட்ரெபேட்டருக்குச் சீசரால் அரசனாக்கப்பட்டவன். பின்னர் சீசரையே எதிர்த்து, பிரிட்டனுக்குத் தப்பியவன். ரோமின் பகைவனுடைய மரபே ரோமின் பட்டத்தையும் உணவையும் விரும்பி ஏற்றிருக்கிறது!

அப்படியானால் வெற்றிக்குப் பின் மாறியது எது? மாறியது அதிகாரத்தின் இருப்பிடம் என்பதே என் வாதம். ஊர் நடுவே முதலில் மரத்தால், இரண்டாம் நூற்றாண்டில் கல்லால், மன்றமும் பசிலிக்கா என்ற பொதுக்கூடமும் எழுந்தன. குடித்தலைவனிடம் இருந்த வழக்கும் வரியும் நகரவைக்குப் போயின. அந்த அவையிலும் பழைய உயர்குடியினரே அமர்ந்திருக்க வேண்டும். சொத்துடையோரைக் கொண்டே ஆள்வது ரோமின் வழக்கம். மாற்றம் சீராகவும் நடக்கவில்லை. வெற்றிக்குப் பின் வடக்கு–தெற்காகப் புதிய தெருக்கட்டம் வகுக்கப்பட்டது. ஆனால் அகழாய்வாளர் ஒன்பதாம் மனைப்பகுதி என்று குறிக்கும் இடத்தில் இருந்த வீடுகள் பழைய மூலைவாட்டத் திசையிலேயே நின்றன. மூன்றாம் நூற்றாண்டில்தான் அவை இடிபட்டு, தெருவுக்கு இணங்கிய கட்டடங்கள் வந்தன. இருநூறு ஆண்டுகள் ஒரு மனைப்பகுதி அரசின் அளவுகோலுக்கு அடங்காமல் இருந்ததை வெறும் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. மனையுரிமை பற்றிய பழைய நினைவு அதில் இருந்திருக்கும் என்றே கருதுகிறேன்.

உள்ளூரார் தொடங்கிய ஊரை ரோமின் ஆக்கமாகக் கொள்ளும் பிழைவாசிப்பு நமக்கும் அயலன்று. வெருலாமியம் என்ற மற்றொரு பிரித்தானிய நகரத்தை 1930களில் அகழ்ந்த தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர், 1945இல் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டுக்கு வந்து, அங்கே கிடைத்த ரோமச் சாடிகளைக் கண்டு ரோம வணிகத் தளம் ஒன்றை முன்னிறுத்தினார். அவ்வூர் ரோமத் தொடர்புக்கும் முந்தியது என்பதைப் பின்னர் விமலா பெக்லியின் அகழாய்வு காட்டியது.

ஆகவே 'ரோமமயமாதல்' என்பதைக் காலெவாவின் மாற்றத்துக்குக் காரணமாகச் சொல்வது பொருந்தாது. நகரத்தை அட்ரெபேட்டர் தொடங்கினர். அதற்கு நகரவையும் மன்றமும் தந்து தன் ஆட்சிக்குள் சேர்த்துக்கொண்டது ரோம்.