சுண்ணாம்பின் மேல் விழுந்த பழி

குலசையில் பதநீர்க் காலம் வந்தால் என் வயதுக்காரர்கள் சிலர் வாங்கிக் குடிக்கத் தயங்குகிறார்கள். சர்க்கரை வியாதிக்காக வேண்டாம் என்றால் அது வேறு விஷயம். இவர்களுக்குப் பயம் கலயத்தில் தடவிய சுண்ணாம்பின் மேல். அது மூட்டில் போய் உறைந்துகொள்ளுமாம். இதே காரணம் சொல்லிப் பாலை நிறுத்தியவர்களும் உண்டு.

முத்துக் குளித்த கரையில் இப்படித் தோன்றுவது இயல்புதான். சிப்பியின் மெல்லிய சதைக்குள் சுண்ணாம்பு படிந்து படிந்துதானே முத்தாகிறது! மனித உடம்பிலும் எலும்புகளை இணைத்துக் கட்டியிருக்கும் நார்கள் சுண்ணாம்பேறிக் கெட்டிப்படுவது உண்டு. அப்படி ஊர் ஊராக மக்கள் விறைத்துப்போன ஒரு வரலாறு நம் பழைய சென்னை மாகாணத்திலேயே இருக்கிறது.

அன்றைய நெல்லூர் மாவட்டத்தின் சில வறண்ட கிராமங்களில் குழந்தைகளின் பற்கள் மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக இருந்தன. பெரியவர்களுக்கு முதலில் கைகால் குடைச்சல், பிறகு முதுகு வளையாது, கழுத்து திரும்பாது. முற்றியவர்களுக்கு முதுகுத்தண்டு நரம்பு நெரிபட்டுக் கால்களே விழுந்துவிடும். உழவு மாடுகளும் நொண்டின என்பார்கள். பார்த்தவர்கள் வாதம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

1937இல் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த ஷார்ட், அவருடன் மெக்ராபர்ட், பர்னார்டு, மன்னாடி நாயர் ஆகியோர் இந்நோயைப் பற்றி எழுதினார்கள். சென்னைப் பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் நிலையம் இன்றும் அந்த பர்னார்டு பெயரில்தான் இருக்கிறது. எக்ஸ்ரே படத்தில் முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி மூங்கில் போலத் தெரிந்தன. முன்கையின் இரு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் சவ்விலும் சுண்ணாம்பு ஏறியிருந்தது. காரணம் கிணற்று நீரில் கரைந்திருந்த ஃபுளோரைடு என்னும் தாது.

உலகம் அப்போதுதான் இதைக் கண்டுகொண்டிருந்தது. நான் படித்தது பிரெஞ்சு வழியில். அதனால் மொராக்கோ பக்கத்து 'தார்மூஸ்' என்ற சொல் எனக்குத் தெரியும். அங்கே பாஸ்பேட் மண்ணில் மேய்ந்த ஆடுகளின் பல் கெடுவதற்கு இதே ஃபுளோரைடுதான் காரணம் என்று வேலு என்ற பிரெஞ்சு கால்நடை மருத்துவர் 1931இல் சொன்னார். (நம்மூர்ப் பெயர் போலிருக்கிறது, ஆனால் பிரெஞ்சுக்காரர்தான்!) 1932இல் டென்மார்க்கில் கிரையோலைட் கல் அரைக்கும் தொழிலாளிகளின் எலும்பிலும் நார்களிலும் இதைக் கண்டார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து வந்த ஆராய்ச்சி. 1940இல் பண்டிட், ராகவாச்சாரி முதலியோர் தண்ணீரோடு சாப்பாட்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஏழைப்பட்ட, சத்துக் குறைந்த சாப்பாடு சாப்பிட்ட இடங்களில் நோய் கடுமையாக இருந்தது. பின்னால் காரணமும் தெளிவாயிற்று. உணவில் சுண்ணாம்புச் சத்து போதிய அளவு இருந்தால் அது குடலிலேயே ஃபுளோரைடில் ஒரு பகுதியைப் பிடித்து வெளியே அனுப்பிவிடும். குறைந்தாலோ, உடம்பு தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவத் தொடங்கும். ஆக, இருக்க வேண்டிய எலும்பில் குறைவு, இருக்கக் கூடாத நாரில் சேர்மானம். சுண்ணாம்பு சாப்பிட்டதால் வந்த வினை அல்ல இது.

1973இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரியும் கிருஷ்ணசாமியும் நாகார்ஜுனசாகர் அணைப் பக்கத்து இளவயதினரிடம் முழங்கால்கள் உள்நோக்கி முட்டும் நோயைப் பற்றி எழுதினார்கள். ஃபுளோரைடோடு அங்கே சோளத்தில் மாலிப்டினம் என்ற தாது கூடியிருந்தது. அது உடம்பிலுள்ள செம்புச் சத்தை வெளியேற்றிவிடும். அணை வந்து நிலத்தடி நீர் ஏறியதும் இதற்கு ஒரு காரணம் என்றார்கள். வயலுக்கு வந்த தண்ணீர் பிள்ளைகளின் காலைக் கெடுத்தது என்று படித்தபோது மனசுக்கு என்னவோ போலிருந்தது.

நாக்பூர் நீரி நிறுவனத்தார் நல்கொண்டாவின் பெயரில் ஒரு சுத்திகரிப்பு முறை கொண்டுவந்தார்கள். தண்ணீரில் படிகாரமும், சுண்ணாம்பும் போட்டுக் கலக்கித் தெளியவிடுவது. நம் தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு ஒகேனக்கல் காவிரி நீர் 2013இல்தான் குழாயில் வந்தது. நெல்லூர்க் கட்டுரைக்குப் பிறகு 76 வருஷம்!

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வைத்தியர் சொல்படி நடக்கட்டும். மற்றவர்கள் பாலை நிறுத்துமுன் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் ஃபுளோரைடு இருந்தால் நல்லது, 1.5க்கு மேல் போகக் கூடாது. காய்ச்சினால் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் சுண்டச் சுண்ட ஃபுளோரைடின் அடர்த்தி கூடத்தான் செய்யும்.